பங்குனி மூட்டம்

ஜனவரி 12, திங்கள்

வாடைக்காற்று, மிதம். லேசான மூட்டம்.

பறக்கவிடுகிற நாட்களில் முதல் வரியில் காற்றையும் வானத்தையும் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இது. முப்பத்துநாலு வருஷம் உப்புக் கம்பெனியில் வயர்மேனாக இருந்து, எந்த மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சென்னை மாதிரி விமானச் சங்கத்திலிருந்து தபால் வந்துவிட்டது. மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பார்வையாளர்கள் தூத்துக்குடிக்கு வருவார்கள். இறக்காமல் தொடர்ந்து பறக்கவிட்டதில் எங்கள் பிரிவில் இப்போதுள்ள உலக சாதனை ஒன்பது மணி நாற்பது நிமிடம். அதைக் குறைந்தது ஆறு நிமிடமாவது தாண்டினால்தான் கணக்கில் சேரும். விமானம் ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். தானாக ஓட்டும் கருவி எதுவும் கூடாது. பெயர் கொடுத்த ஒரே ஆள் தரையிலிருந்து கண்ணால் பார்த்தே முழு நேரமும் ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஓர் உதவியாளர் இருக்கலாம், பேசலாம், தண்ணீர் கொடுக்கலாம். ரிமோட்டைத் தொடக்கூடாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை முயன்று எட்டு மணி பத்து நிமிடத்தில் பேட்டரி படுத்துவிட்டது. இது இரண்டாவது தடவை. மூன்றாவது கிடையாது. ஏன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

விமானத்தின் பெயர் உள்ளான். பனிக்காலத்தில் எங்கள் உப்பளத்துக்கு வருகிற, நீண்ட அலகுள்ள சின்னப் பறவையின் பெயர்தான். சிறகு பதினோரு அடி. மோட்டாரை ஜெபசிங் கையாலேயே சுற்றினான். புதுக்கிராமத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் எவனும் இப்படிச் சுற்ற முடியாது என்று அவனே சொல்லிக்கொள்வான். பொய்யில்லை.

இன்று நாற்பது நிமிடம் பறந்தது. மூட்டம் காரணமாக இறக்கிவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பறக்கவிடவில்லை. நிலைப்படி ஓரம் சாய்த்து வைத்த கரும்பு காலில் தட்டி விழுந்தேன். நடக்கிற வழியில் யார் வைத்தது என்று சத்தம் போட்டேன். வருஷா வருஷம் அங்கேதான் வைக்கிறது என்றாள் என் மனைவி வடிவு. முட்டியில் சிராய்ப்பு.

ஜனவரி 18, ஞாயிறு

வாடை. மூட்டம்.

இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு தடவை விமானம் கண்ணை விட்டுப் போய்விட்டது. வெள்ளைச் சிறகு வெள்ளை வானத்தில் எப்படித் தெரியும்? உப்பளத்தில் தரையும் வெள்ளை. எல்லாம் வெள்ளையாக இருக்கிற இடத்தில் வெள்ளை விமானம் செய்தவனை உதைக்க வேண்டும். செய்தவன் நான்தான்.

ஜெபசிங், "அந்தா நிக்கி பாருங்க அண்ணாச்சி, உப்பு அம்பாரத்துக்கு மேல" என்றான். பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 21, புதன்

சிறகின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்தேன். நுனியில் ஆரஞ்சு. வடிவு வந்து பார்த்துவிட்டு, "கலியாண வீட்டுக்குத் தோரணம் கட்டுன மாரி இருக்கு" என்றாள்.

தராசில் வைத்தால் பெயின்ட் நாற்பது கிராம் ஏற்றி, ஐந்து கிலோவுக்கு மேல் இருபத்தைந்து கிராம் காட்டியது. பேட்டரி செல்களை நாலு நாலாகத்தான் எடுக்க முடியும். நாலு எடுத்தால் அரைமணி நேரப் பறப்பு போகும். ஜெபசிங்குக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாப்பது கிராம் பெயின்டுக்கு அரமணி நேரத்த தூக்கிக் குடுக்கியளே அண்ணாச்சி. பத்து மணி இருவத்தஞ்சு நிமிஷம் ஓடும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். இப்ப ஒம்பது அம்பத்தஞ்சுதான் வரும். எதுக்கு இந்தக் கலரு? எனக்கு வெள்ளையே நல்லாத் தெரியுது."

"ஓட்டுறது நீயா நானா?" என்று கேட்டேன்.

அவன் நாலு செல்லைக் கழற்றினான். பசை காய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

ஜனவரி 27, செவ்வாய்

திருநெல்வேலி போனேன், கார்பன் குழாய் வாங்க. கடையில் அரைமணி நேர வேலை. முதல் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். மீதி நேரம் ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் போயிற்று. கண்ணில் கொஞ்சம் உறுத்தல்.

ஒரு பெட்டிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பெட்டியில் ஏதோ கோளாறு. பாதி நேரம் புள்ளியே வரவில்லை. பல்பு போயிருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சின்ன வயதுக்காரர். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தையெல்லாம் பேனாவால் கறுப்பாக்கிக் காட்டினார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள்.

சொட்டு மருந்து, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வடிவு கேட்டதற்கு உப்புத்தூசி எரிச்சல் என்று சொல்லிவிட்டேன். அவள் மருந்துப் புட்டியை வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

குழாய் நல்ல குழாய். நேராக இருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

வாடை, சற்று வேகம். மூட்டம்.

எழுதவே பிடிக்கவில்லை. உள்ளான் விழுந்துவிட்டது.

ஜெபசிங்தான் உதவியாளராகப் பக்கத்தில் நின்றான். இரண்டு மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. அது தூரத்தில் திரும்பி எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மூட்டம். "அண்ணாச்சி, வலது பக்கம் சாயுது, வலது சாயுது!" என்று கத்தினான். நான் இடது பக்கம் திருப்பினேன். அது இன்னும் சாய்ந்து, நேராக உப்பு அம்பாரத்தில் போய்ச் சொருகிக்கொண்டது.

விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் வலது நமக்கும் வலது. நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது நமக்கு இடது. இது இந்த வேலையில் அரிச்சுவடி. அவன் தன் வலதைச் சொன்னான், நான் அதன் வலது என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் பறக்கவிட்டவர்கள் இரண்டு பேர் முதல் நாள் படிக்கிற தப்பைச் செய்துவிட்டோம்.

ஜெபசிங் உப்பைத் தோண்டி மோட்டாரை எடுத்துத் துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே கேட்டான். "நா சொன்னது கெடக்கட்டும். நீங்க அதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீய?"

"மூட்டம்யா" என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒட்டு வேலை. மூன்று நாளாக அதேதான். கை முழுக்கப் பசை. இடது சிறகு முடிந்தது, மூக்கு பாக்கி. அலுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

வாடை, மெதுவாக. மூட்டம்.

நாலு மணி நேரம்! ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது.

ஜெபசிங்குக்குக் கடையில் அவசர வேலை. விமானத்தை எறிந்து கிளப்பிவிட்டுப் போய்விட்டான். சோற்றுத்தூக்கோடு வந்த வடிவு, நான் போகச் சொல்லியும் போகாமல், கல்லைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"இப்ப கெழக்க போவுது. அங்கனயே போவுது. இந்தா வடக்க திரும்பிட்டு. லேசா மேக்க சாயுதுங்க. ஆங், நிமிந்துட்டு. தெக்க வாரது. நம்மளப் பாத்து வாரது."

வானொலியில் கிரிக்கெட் சொல்லுகிற மாதிரி நாலு மணி நேரம் இதேதான்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் திசைதான். இலையில் கூட்டு வைக்கும்போதுகூட "கொஞ்சம் மேக்க தள்ளி வையி" என்பார்கள். கட்டிலில் தள்ளிப் படுக்கச் சொல்வதற்கும் தெற்கு வடக்குத்தான். இடது வலது என்பது பள்ளிக்கூடத்தில் கவாத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. அது ஆளுக்கு ஆள் மாறும். கிழக்கு மாறாது. விமானம் வந்தால் என்ன, போனால் என்ன, கடல் எங்கே இருக்கிறதோ அதுதான் கிழக்கு.

இதைப் பொதுவாக எழுதி வைக்கிறேன். எனக்கு அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

படிவம் அனுப்பினேன். ஓட்டுபவர்: சு. தவசிமுத்து. உதவியாளர்: த. செண்பகவடிவு. இனி இரண்டு பெயரையும் மாற்ற முடியாது. ஜெபசிங்குக்கு முதுகுவலி, பத்து மணி நேரம் உட்கார முடியாது என்று அவனிடமே சொன்னேன். "எனக்கு முதுகுவலின்னு இப்பத்தான் தெரியுது" என்றான்.

பிப்ரவரி 20, வெள்ளி

இந்த வருஷம் டைரி அச்சடித்தவன் கோடுகளை மயிரிழையாகப் போட்டிருக்கிறான். மையும் மங்கல். கடைக்குப் போய்த் தடித்த ஸ்கெட்ச் பேனா ஒரு டஜன் வாங்கி வந்தேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வருகிறது. வரட்டும்.

மார்ச் 1, ஞாயிறு

கொண்டல். மூட்டம்.

கிழக்கேயிருந்து கொண்டல் வர ஆரம்பித்துவிட்டது. ஆறு மணி நேரம் பத்து நிமிடம். கழுத்து நோகிறது. சாய்வு நாற்காலியில் படுத்தபடி ஓட்டினாலும் நோகிறது. அடுத்த பிரச்சினை ஒன்றுக்கு. பத்து மணி நேரம் எழுந்திருக்க முடியாது. அறுபத்தொரு வயதில் இது சாதாரண விஷயமில்லை. காபியை நிறுத்தியாயிற்று. மூடியுள்ள ஒரு டப்பாவும் வேட்டியும் போதும் என்று முடிவு. வருகிற பார்வையாளர் பெண்ணாக இருந்தால் என்ன செய்ய என்றேன். "குடைய மறைச்சிப் புடிச்சிக்கிடுதேன்" என்றாள் வடிவு. உலக சாதனை என்றால் இப்படியெல்லாம்தான் போலிருக்கிறது.

நாலாவது மணியில் ஒரு பருந்து உள்ளானைத் துரத்தியது. சுற்றிச் சுற்றி வந்து, ஒரு தடவை கால் நகத்தை நீட்டி, பிறகு சலித்துப்போய் மேற்கே போய்விட்டது. அருமையான காட்சி. வடிவு நன்றாகச் சொன்னாள்.

மார்ச் 8, ஞாயிறு

கொண்டல். மூட்டம்.

வடிவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்று வாரமாக மணிக்கணக்கில் பேசினால் யாருக்குத்தான் கட்டாது. சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் குடிக்கிறாள். கட்டு விடவில்லை.

இன்று எனக்கும் எரிச்சல். மூன்றாவது மணியில், "கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இரேன்" என்று சொல்லிவிட்டேன். ஜெபசிங் பக்கத்தில் இருந்தான், அதனால் சொன்னேன்.

அவள் மூடிக்கொண்டாள்.

நான் பார்த்தேன். நடுவில் கைப்பிடி அளவு வானம், சுற்றிலும் ஒன்றுமில்லை. உள்ளான் அந்தக் கைப்பிடிக்குள் இருந்தது. பிறகு இல்லை. தலையைத் திருப்பினேன், அங்கேயும் இல்லை. இந்தப் பக்கம் திருப்பினேன். மோட்டார் சத்தம் எங்கிருந்தோ வந்தது. விரலில் ரிமோட் குச்சி வழுக்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு நிமிடம்கூட இருக்காது.

"பேசேன்டி" என்றேன்.

"வடக்க. அம்பாரத்துக்கு மேல. மூக்கு கெழக்க இருக்கு, லேசா எறங்குது, தூக்குங்க" என்றாள், உடனே, ஒன்றும் நடக்காதது போல.

மூட்டம் அதிகம் இன்று.

மார்ச் 12, வியாழன்

ஜெபசிங் மோட்டாரைப் பிரித்து பேரிங்குக்கு எண்ணெய் விட்டான். நாலு மாதமாகக் கடையைப் பாதி நேரம் பூட்டி வைத்திருக்கிறான். சான்றிதழில் மோட்டார் செய்தவன் பெயரும் வருமா என்று கேட்டான். வரும் என்றேன். விமானம் பற்றிய விவரத்தில் ஒரு வரி வரும். அந்த வரியைத் தமிழிலும் எழுதுவார்களா என்று கேட்டான். கடையில் மாட்ட இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறான். வரிசையில் நின்று சம்பளம் வாங்கியே வாழ்க்கை போய்விட்டது எனக்கு. என் பெயர் ஒரு தடவையாவது உலகத்தில் எங்காவது அச்சில் இருக்க வேண்டும். அவனுக்கும் அதேதான். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆசை ஒன்றுமில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கொண்டல். மூட்டம். பங்குனி பிறந்துவிட்டது. உடம்பு அசதி. பறக்கவிட்டது ஒரு மணி நேரம் மட்டும், வடிவின் தொண்டைக்காக.

மார்ச் 21, சனி

பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். பெரியவர் பத்மாசினி அம்மா, சென்னையில் கணக்குப் பேராசிரியையாக இருந்தவராம். இன்னொருவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், விமானம் இறங்குகிற இடத்துக்குத் தூரத்தை அளப்பார். தராசில் 4,986 கிராம். அம்மா மூன்று தடவை நிறுத்தார். பேட்டரிப் பெட்டிக்கு முத்திரை வைத்தார். என்னிடம், "கண்ணாடி போட மாட்டீங்களா சார்?" என்று கேட்டார். கண்ணாடி உதவாது என்றேன். தேவையில்லை என்று சொல்ல வந்தேன், வாய் தவறிவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

விடியப் போகிறது. சொட்டு மருந்து போட்டாயிற்று. மீதி திரும்பி வந்து.

மார்ச் 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் கை கனக்கிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

காலை 6:41. ஜெபசிங் உள்ளானைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடி எறிந்தான். இரண்டு ஸ்டாப்வாட்சும் அமுங்கின. பத்மாசினி அம்மா தன் காகிதத்தில் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "காத்து தென்கிழக்கு. வானம் நல்ல தெளிவு."

நான் சாய்வு நாற்காலியில். வடிவு எனக்கு வலப்புறம், ஒரு கையில் குடை. "கெழக்க போவுது. நேரா நெட்டுக்குப் போவுது. இந்தா தெக்க."

முதல் மணியிலேயே அம்மா கிட்டே வந்தார். "ஏன் இவங்க திசையாவே சொல்றாங்க? லெஃப்ட், ரைட்னு சொல்ல மாட்டாங்களா?"

"எங்க ஊர்ல அப்படித்தாம்மா" என்றாள் வடிவு. அதோடு திரும்ப மேலே பார்த்துக்கொண்டாள். அம்மா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உதவியாளர் பேசலாம். எப்படிப் பேச வேண்டும் என்று போடவில்லை.

பத்து மணிக்கு வெயில் உப்பில் பட்டு எழும்பியது. அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கைப்பிடி வானமும் இல்லை. வெளிச்சம் மட்டும்தான். அவள் குரல் எங்கே போகிறதோ அங்கே விரல் போயிற்று. ஒரு கட்டத்தில் நான் மேலே பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன் போலிருக்கிறது. "தலையத் தூக்கி வச்சிக்கிடுங்க" என்று காதோடு சொன்னாள்.

மதியம் ஒரு மணிக்குக் கடல்காற்று கூடியது. மணிக்கொரு தடவை ஜெபசிங், பார்வையாளர்கள் போட்ட கோட்டுக்கு வெளியே நின்று பேட்டரிக் கணக்கைச் சொன்னான். அவன் குரலில் சந்தோஷம் கூடிக்கொண்டே வந்தது. கணக்குக்கு மேலேயே நிற்கிறது, அண்ணாச்சி என்றான்.

இரண்டு மணி சுமாருக்கு வடிவின் குரல் உடைந்தது. "மேக்க" என்று தொடங்கி வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தாள், கனைத்தாள், கருப்பட்டியை வாயில் அடக்கினாள். "வட" என்றாள், நின்றுவிட்டது. அவள் அழுவது எனக்குக் கேட்டது. சத்தமில்லாமல் அழுதாலும் கேட்கும், முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது.

பிறகு குடையைக் கீழே போட்டுவிட்டு என் முதுகுப் பக்கம் வந்து நின்றாள். இரண்டு கையையும் என் தோளில் வைத்தாள். கிழக்கே தள்ளினாள். நான் கிழக்கே திருப்பினேன். விமானம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துத் தோளில் விரலை அழுத்தினாள். மூக்கு இறங்கினால் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மாவாட்டும்போது ஆள் குழவியைப் பிடிப்பது போல என்னைப் பிடித்துக்கொண்டாள். ரிமோட்டைத் தொடவில்லை. இரண்டு பேருக்கும் தலையில் வெயில். அப்படி இரண்டரை மணி நேரம்.

பத்மாசினி அம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஜெபசிங் பிறகு சொன்னான்.

4:21க்கு ஒன்பது நாற்பது தாண்டியது. 4:27க்கு அந்த ஆறு நிமிடமும் தாண்டியது. ஜெபசிங் துண்டை வீசிக் கூத்தாடினான். 4:32க்கு உள்ளான் தரையைத் தொட்டு, பாத்தியில் வழுக்கிக்கொண்டு போய், என் நாற்காலிக்கு நாற்பது அடியில் நின்றது. ஒன்பது மணி ஐம்பத்தோரு நிமிடம்.

எழுந்திருக்க முடியவில்லை. ஜெபசிங் என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தான். மீசை குத்தியது.

அப்புறம் காகிதங்கள். மறுபடி நிறுத்தார்கள், முத்திரையைச் சரிபார்த்தார்கள், தூரத்தை அளந்தார்கள். எல்லாம் சரி. கடைசியில் பத்மாசினி அம்மா ஒரு தாளைப் பலகையில் வைத்து நீட்டினார். "இது ஓட்டுனவரோட வாக்குமூலம். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்." மெதுவாகச் சொன்னார். "படிச்சுப் பாத்துட்டு" என்பதை இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு வெள்ளைத் தாள் தெரிந்தது. வடிவிடம் கொடுத்தேன். அவள் என் காதில் வாயை வைத்து, குரலே இல்லாமல், மூச்சிலேயே படித்தாள். 'விமானம் எந்தத் தானியங்கிக் கருவியும் இன்றி என்னால் இயக்கப்பட்டது. பறந்த நேரம் முழுவதும் அது என் கண்பார்வையில் இருந்தது.' அதோடு நிறுத்திவிட்டாள்.

"என்ன செய்ய வடிவு?"

காலையிலிருந்து ஒவ்வொரு நொடியும் எந்தப் பக்கம் என்று சொன்னவள், "உங்க பேரு, உங்க கை. நா சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஜெபசிங் ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து என் விரலில் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்துக்கு என் கையையும் நகர்த்திவிட்டான். "போடுங்க அண்ணாச்சி. ஒரு கோடுதான."

அந்தக் காகிதம் எனக்கு வேண்டும். இப்போது எழுதும்போதும் வேண்டும். ஆனால் எந்த மோட்டாரும் ஓடாத நேரத்தில் ஓடியது என்று முப்பத்துநாலு வருஷத்தில் ஒருநாளும் நான் எழுதியதில்லை.

"அம்மா, காலைல பத்து மணிக்கு மேல நா அதப் பாக்கவே இல்ல" என்றேன்.

"சார், இத நீங்க எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் அம்மா.

"நீங்க பாத்துக்கிட்டுத்தானம்மா இருந்தீங்க."

"நான் பாத்தது சந்தேகம். நீங்க சொன்னா அது பதிவு. இத நான் அனுப்ப முடியாது." தாளை எடுத்து இரண்டாக மடித்தார். போவதற்கு முன் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

ஜெபசிங் துண்டை உப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் மோட்டார் ஒன்பது மணி ஐம்பத்தோரு நிமிடம் ஓடியது. அதில் ஒரு பொய்யும் இல்லை. அவன் கடைச் சுவர் காலியாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் நான். போன் செய்தால் எடுக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

எடுக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் வடிவுதான் அளத்துக்குப் போவோம் என்றாள். அவளுக்குக் குரல் பாதி திரும்பிவிட்டது. விமானத்தை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். எறிந்துவிட ஆள் வேண்டுமே என்று யோசிக்கும்போது பைக் சத்தம் கேட்டது. ஜெபசிங். வணக்கம் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை என்று நினைக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்? மோட்டாரைக் கையால் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டான்.

"பேரிங்கு நல்லாருக்கு" என்றான். அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு ஓடி எறிந்தான்.

கொஞ்ச நேரம் நான் ஓட்டினேன், வடிவு சொன்னாள். பிறகு ரிமோட்டை அவள் மடியில் வைத்தேன். விரலைப் பிடித்து எது எதற்கு என்று காட்டினேன். முதலில் பயந்தாள். பிறகு நான் கேட்டேன், "இப்ப எங்க போவுது?"

"கெழக்க."

"திருப்பு."

"திருப்பிட்டேன்" என்று சிரித்தாள்.

உள்ளானைப் பார்த்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "தை மாசம் எழுதுனிய, சரி. மாசியிலயும் எழுதுனிய. பங்குனி வெயில்ல ஏதுங்க மூட்டம்?"

"டைரியப் படிச்சியா?"

"எழுத்து அம்மாம் பெருசா இருந்தா அடுக்களையில நின்னாலே தெரியுது."

கரும்பு தடுக்கி விழுந்த அன்றைக்கே தெரியும் என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்களாகச் சொல்லுவீர்கள் என்று இருந்தேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வாரமாக அவள் தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் தெரிந்துதானா? ஜெபசிங் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

முதல் வரியில் எழுத வேண்டியதை இன்று கடைசியில் எழுதுகிறேன். ஜனவரி 12 முதல் எழுதிய மூட்டங்களையும் இப்படியே திருத்திக்கொள்ள வேண்டும்.

காற்று தென்கிழக்கு. வானம் தெளிவு. எனக்குக் கண் தெரியவில்லை.